ராட்டினத்தில் ஏறாதவர்கள்

நம் வயதுக்காரர்களுக்கு இந்தச் சங்கடம் புதிதாக இருக்காது. மகனோ மகளோ பேரப்பிள்ளைகளோடு நம்மையும் காரில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வெளியே இருக்கும் கேளிக்கைப் பூங்கா ஏதாவது ஒன்றுக்குக் கூட்டிப்போவார்கள். டிக்கெட் ஜன்னல் அருகே போனதும் ஒரு தயக்கம் வரும். நாம் தண்ணீரில் இறங்கமாட்டோம். தலைகீழாகத் தொங்குகிற எதிலும் ஏறமாட்டோம். முழங்கால் விடாது, ரத்த அழுத்தம் விடாது. ஆனாலும் உள்ளே போக நமக்கும் அதே காசுதான். போன மாதம் என் மருமகள் பக்குவமாகத்தான் கேட்டாள்.

"அத்தை, நீங்க எதுலயும் ஏறப்போறதில்ல. வெளியில ஏசி போட்ட ஓட்டல் இருக்கு. நாங்க வர்ற வரைக்கும் அங்க உக்காந்திருக்கீங்களா?"

அவள் கேட்டதில் தப்பில்லை. கணக்குப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. நான் எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வரிசையில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. உங்களிடம் சொல்லலாம். உங்களுக்கு அந்தக் காலம் தெரியும்.

அம்மாபேட்டைக்குத் தெற்கே வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்கள் ஊர். நான் ஐந்தாம் வகுப்பு. தம்பிக்கு முன்பல் விழுந்து முளைக்காத வயது. ஆட்சி மாறிச் சில வருடம் ஆகியிருந்தது. அப்பா கறுப்பு சிவப்புக் கரை போட்ட வேட்டியைப் பெட்டியில் மடித்து வைத்திருந்து கூட்டங்களுக்கு மட்டும் கட்டிக்கொண்டு போவார். பெரிய நிலக்காரர் இல்லை அவர். ரோட்டோரம் ஒரு தாக்கு வயல், வாய்க்கால் ஓரம் ஒரு தாக்கு, அவ்வளவுதான். வீட்டில் நெல்லுக்குக் குறைவில்லை, காசுக்கு எப்போதும் குறைவு. அதனால் அப்பா எதையும் இது தேவையா, தண்டமா என்று இரண்டாகத்தான் பிரிப்பார்.

அந்தத் தை மாதம் எங்கள் ஊரில் அறுப்பு நின்றுபோயிருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள்தான் எங்கள் ஊர் வயல்களில் நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்துக் கொடுத்தார்கள். அவர்கள் கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள். நிலக்காரர்கள் மறுத்தார்கள். தெருக்காரர்கள் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டுச் செங்கொடியைத் தெருமுனையில் நட்டுவிட்டார்கள். பொங்கல் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியும் சம்பா வயலிலேயே நின்றது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது கதிர்கள் பனியில் நனைந்து தலை சாய்ந்து கிடக்கும். சாயங்காலம் திரும்பும்போது காற்றில் சரசரவென்று ஒரு சத்தம் வரும். அது நெல் உதிர்கிற சத்தம் என்று அம்மா சொன்னாள். அதற்கப்புறம் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்காமல் போனது.

ஊரில் பாதிக்கு மேல் நிலம் ஒருவருக்குச் சொந்தம். அவரைப் பெரிய பண்ணை என்போம். வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து அறுத்துவிடுவது என்று அவர் வீட்டில் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அப்பாவும் போயிருந்தார். திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"நாளைக் காலையில ஆளு வருது. மொதல்ல நம்ம ரோட்டோரத் தாக்குலதான் எறக்குறாங்க. பண்ணையே எங்கிட்ட கேட்டாரு. 'நான் கூட நிக்கிறேன், நீங்க ஆரம்பிச்சு வச்சா மத்தவங்களுக்குத் தைரியம் வரும்'னாரு."

சொல்லும்போது தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார். பெரிய பண்ணை வீட்டில் அவருக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அம்மா மறுநாள் அறுப்பு ஆட்களுக்குச் சோறாக்க அரிசி எடுத்து வைக்கப் போனாள். அந்தச் சந்தோஷத்தில்தான் அப்பா, நாங்கள் பொங்கலிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்ததற்குச் சரி என்றார். தஞ்சாவூர் திலகர் திடலில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள்.

மத்தியான பஸ்ஸில் போனோம். பொருட்காட்சி வாசலில் தேர் மாதிரி ஓர் அலங்கார வளைவு. அதில் சீரியல் பல்புகள் பகலிலேயே ஓடிக்கொண்டிருந்தன. உள்ளேயிருந்து மிளகாய்த்தூள் தூவிய பெரிய அப்பளத்தின் வாசனையும் டீசல் புகையும் கலந்து வந்தது. இன்றைக்கும் எங்கேயாவது ஜெனரேட்டர் ஓடினால் எனக்கு அப்பளம் தின்ன வேண்டும் போலிருக்கும். வளைவுக்குப் பின்னால் ராட்சத ராட்டினத்தின் மேல்பாதி தெரிந்தது. அப்பா அதை அண்ணாந்து பார்த்தார். அப்பாவுக்கு ராட்டினம் என்றால் உயிர். வேறு எதற்கும் காசை எண்ணி எண்ணிக் கொடுப்பவர், ராட்டினத்துக்கு மட்டும் எண்ணாமல் கொடுப்பார். அம்மாவுக்கு ஊஞ்சலே ஆகாது. தலை சுற்றும்.

டிக்கெட் ஜன்னல் முன்னால் வந்ததும் அப்பா திரும்பினார்.

"நீ எதுலயும் ஏறமாட்டே. அந்த வேப்பமரத்தடியில நிழலா இருக்கு. பையை வச்சுக்கிட்டு உக்காந்திரு. உனக்கு டிக்கெட்டு தண்டம்."

"பாக்கக்கூடாதா?" என்றாள் அம்மா.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? சுத்துது. அதத்தான் வெளியிலேருந்தே பாக்கலாமே."

"ஏறாதவங்களுக்குக் கொறைச்சுக் குடுப்பீங்களா?" என்று அப்பா ஜன்னலுக்குள் குனிந்து கேட்டார்.

உள்ளே இருந்தவர் நிமிரக்கூட இல்லை. "ஏறினாலும் ஏறாட்டியும் உள்ள போறதுக்கு ஒரே டிக்கெட்டுதாங்க. ராட்டினத்துக்குத் தனி. சீக்கிரம் சொல்லுங்க."

பின்னால் வரிசை நெருக்கியது. யாரோ "அட, வீட்டம்மாவுக்கு ஒரு டிக்கெட்டு எடுங்க சார், கொறைஞ்சா போயிடுவீங்க" என்று சத்தம் போட்டார். அப்பாவுக்குக் காது சிவந்தது. அதற்குள் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, பக்கத்திலிருந்து கையை நீட்டி, தன் டிக்கெட்டைத் தானே வாங்கிவிட்டாள். அவள் அப்படி ஒரு காரியம் செய்து நான் அதுவரை பார்த்ததில்லை.

உள்ளே போய் முதலில் அரசாங்க அரங்குகளைச் சுற்றினோம். வேளாண்மைத் துறை அரங்கில் புது ரக நெல்லைக் கண்ணாடிக் குழாய்களில் போட்டு வைத்திருந்தார்கள். அப்பா அங்கிருந்தவரிடம் குருத்துப்பூச்சியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே நின்றார். நானும் தம்பியும் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து ராட்டினத்துக்குக் கொண்டுவந்தோம்.

பெட்டியில் அப்பா நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும். மேலே போனபோது பெரிய கோயில் கோபுரம் எங்கள் கண்ணுக்கு நேரே நின்றது. தம்பி கூவினான். கீழே இறங்கும்போது என் வயிறு மட்டும் மேலேயே நின்றுவிட்டது. இரண்டாவது சுற்றில் அப்பாவின் சலவை வேட்டியில் வாந்தி எடுத்தேன். அப்பா கத்திய கத்தலில் ராட்டினத்தை நிறுத்தி என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். அப்பா இறங்கவில்லை. ராட்டினத்துக்குக் கொடுத்த காசுக்கு இன்னும் சுற்று பாக்கி இருந்தது. துண்டால் வேட்டியைத் துடைத்துக்கொண்டு தம்பியோடு மறுபடி மேலே போய்விட்டார்.

அம்மா என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டு உட்கார இடம் தேடினாள். ராட்டினத்துக்கு எதிரே நீளமாக ஒரு மர பெஞ்சு. அதில் ஒரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். கருநீலச் சுங்கடிச் சேலை, தலை நிறைய கனகாம்பரம். மடியில் பிள்ளைகளின் செருப்புகள்.

"பொண்ணுக்கு முடியலைங்க. கொஞ்சம் தள்ளி உக்காருறீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

அந்த அம்மாள் திரும்பினார். எங்கள் வயலுக்கு நடவாள் கூட்டிக்கொண்டு வருகிறவர். நடவுக்காரம்மா என்போம். முழங்கால் வரை தூக்கிச் செருகிய சேலையும் தலையில் கட்டிய துணியுமாக, சேற்றில் குனிந்தபடியே பார்த்த முகம். நிமிர்ந்து, பூ வைத்து, சுத்தமாக உட்கார்ந்திருந்தபோது அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். செருப்பெல்லாம் கீழே விழுந்தன.

ஊரில் அவர் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு வரைக்கும்தான் வருவார். அம்மாவைவிட மூத்தவர். ஆனாலும் அம்மா 'வா, போ' என்றுதான் பேசுவாள். நானும்கூட அப்படித்தான் பேசினேன். யாரும் என்னைத் திருத்தியதில்லை. இப்போது அம்மா 'உக்காருறீங்களா' என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். சொன்னதைத் திரும்ப வாங்க முடியுமா? அம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் டீசல் எஞ்சின் தடதடத்துக்கொண்டிருந்தது.

"உக்காருங்க" என்றாள் அம்மா மறுபடியும். "நம்மள இங்க யாருக்குத் தெரியும்?"

அவர் பெஞ்சின் ஓரத்தில் பாதி உடம்போடு உட்கார்ந்தார். நடுவில் என்னைப் படுக்க வைத்தார்கள். நடவுக்காரம்மா கையிலிருந்த கோலி சோடாவை நீட்டி, "ரெண்டு மடக்கு குடிக்கச் சொல்லுங்கம்மா. வாய் வச்சுக் குடிக்கல" என்றார். அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு வாங்கி என் வாயில் ஊற்றினாள். அந்தப் பன்னீர் சோடாவின் குளிர்ச்சி மூக்கு வரைக்கும் ஏறியது.

"எங்கே இப்படி?" என்று அம்மா கேட்டாள்.

"காலையில ஊர்வலம் இருந்துச்சும்மா, கலெக்டர் ஆபீசுக்கு. எல்லாத் தெருவும் லாரியில வந்தோம். முடிஞ்சதும் புள்ளைங்க ராட்டினம் பாக்கணும்னு ஒரே அழுகை." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு டிக்கெட்டு எடுக்க எங்க வீட்டு ஆளுக்கு மனசே இல்ல. 'ஏறாதவளுக்கு எதுக்கு டிக்கெட்டு, லாரிகிட்ட போய் உக்காரு'ன்னாரு. ஊர்வலத்துல வெயில்ல நடக்க மட்டும் நான் வேணும், இதுக்கு வேணாமான்னு கேட்டுட்டேன்."

அம்மா சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். அறுப்பு நின்றதிலிருந்து எங்கள் வீட்டில் அப்படி யாரும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு அய்யா எடுத்தாரா?"

"எங்க எடுத்தாரு. நானேதான் எடுத்துக்கிட்டேன்."

இப்போது அவரும் சிரித்தார். அந்த நேரம் பார்த்துத்தான் அப்பாவின் பெட்டி கீழே வந்தது. எங்கள் பெஞ்சைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"ஏய்! அங்க யாரு அது, நம்ம..." என்பதற்குள் ராட்டினம் அவரை மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த தடவை வந்தபோது, "எழுந்திரு! என்ன அவகூட..." என்றார். மீதி கோபுர உயரத்தில் போய்க் கேட்காமல் போனது. தம்பி எல்லோருக்கும் சந்தோஷமாகக் கையாட்டினான். அம்மாவும் அவனுக்குக் கையாட்டினாள். அப்பாவை அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

நடவுக்காரம்மா சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக்கூடாது. உங்க வீட்டுப் பக்கம் வந்து சொல்ல முடியல. நாளைக்கு வெளியூரு ஆளு வருதாமே. உங்க ரோட்டோரத் தாக்குலதான் மொதல்ல எறங்குறாங்களாம்."

அம்மா என் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பெரிய பண்ணைக்கு எவ்ளோ நெலம் கெடக்கு. அதுல எறக்காம உங்க வயல்ல ஏன்மா எறக்குறாரு? நாங்க சும்மா இருக்கமாட்டோம். வந்து மறிப்போம். போலீசு வரும். யாரு மண்டையாவது ஒடையும். அப்ப கேசு யாரு வயல்ல நடந்ததுன்னு எழுதுவாங்க? கோர்ட்டுக்கு யாரு அலையறது? அவரா வருவாரு?"

"இவரு வாக்குக் குடுத்துட்டாரு."

"அய்யா நல்லவரு. அதனாலதான் அவரப் புடிச்சிருக்காங்க."

அம்மா என் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன, மனசு எங்கேயோ இருந்தது.

"மறிக்க நீங்களும் வருவீங்களா?"

"வராம? நான் நட்ட வயலும்மா அது. மொத நாத்து வச்சது நானு. வேற ஆளு அறுத்துக்கிட்டுப் போறத வரப்புல நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போகச் சொல்றீங்களா?"

ராட்டினம் நின்றது. அவருடைய பிள்ளைகள் எங்கிருந்தோ ஓடிவந்து அவரவர் செருப்பைத் தேடினார்கள். "வரேம்மா" என்று சொல்லிவிட்டு அவர்களோடு போய்விட்டார்.

அப்பா கால் தள்ளாட இறங்கி வந்தார். தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. வேட்டியில் நான் எடுத்த வாந்தியின் கறை. அந்தக் கோலத்தில் அவரால் சரியாகக் கோபப்படக்கூட முடியவில்லை.

"ஊரே முறுக்கிக்கிட்டு நிக்குது. நீ அவகூட ஒரே பெஞ்சுல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கே. பண்ணை காதுல விழுந்தா என்ன நெனைப்பாரு?"

"பெஞ்சு பண்ணை வீட்டுது இல்லீங்க. டிக்கெட்டு வாங்கினவங்க உக்காருறாங்க" என்றாள் அம்மா.

அட்டை விமானத்தில் உட்கார வைத்துப் படம் பிடிக்கிற கடையில் தம்பி அடம் பிடித்ததால் நாங்கள் நால்வரும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் ரொம்ப நாள் வீட்டில் இருந்தது. அப்பா விமானி மாதிரி கம்பீரமாக நேரே பார்ப்பார். அம்மா மட்டும் படத்துக்கு வெளியே எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். பிற்பாடு ஒரு புயல் மழையில் கூரை ஒழுகி அது போய்விட்டது. எங்கள் வீட்டில் நால்வரும் சேர்ந்திருந்த ஒரே படம் அதுதான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"மொதல்ல நம்ம வயல்ல ஏன் எறக்குறாங்க?"

"ரோட்டோரம். லாரி நிக்க வசதி."

"பண்ணையோட களத்துக்குள்ளயே லாரி போகுமே."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாபேட்டை தாண்டும்போது, "உனக்கு என்ன தெரியும்?" என்றார். அம்மாவிடம் கேட்ட மாதிரி தெரியவில்லை.

காலையில் நாங்கள் எழுந்தபோது அம்மா அறுப்பு ஆட்களுக்காக அண்டா நிறையச் சோறு வடித்திருந்தாள். அதை அடுப்படியில் மூடி வைத்துவிட்டு வயலுக்குப் புறப்பட்டாள். வீட்டிலேயே இருக்கச் சொல்லியும் நாங்களிருவரும் பின்னாலேயே ஓடினோம்.

பனி விலகவில்லை. ரோட்டில் லாரி நின்றிருந்தது. வந்திருந்தவர்கள் துண்டைக் காதோடு போர்த்திக்கொண்டு, கையில் அரிவாளும் தூக்குப் போணியுமாகக் குளிரில் ஒடுங்கி நின்றார்கள். சண்டைக்காரர்கள் என்று நினைத்துப் பயந்துகொண்டே போன எனக்கு அவர்களைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருந்தது. ஒட்டிய கன்னம், வெடித்த பாதம். கொஞ்ச தூரத்தில் போலீஸ் ஜீப். பெரிய பண்ணையின் காரியஸ்தர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பண்ணையைக் காணவில்லை.

வாய்க்கால் பாலத்தில் கொடி தெரிந்தது. பெண்கள் முன்னால் வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் நடவுக்காரம்மா, பழைய சேலையில், தலையில் துணி கட்டிக்கொண்டு.

"ஆரம்பிக்கச் சொல்லுங்க. அவங்க கிட்ட வர்றதுக்குள்ள ஒரு மூலையாவது எறங்கிடட்டும்" என்றார் காரியஸ்தர்.

"பண்ணை வரலையா?" என்று அப்பா கேட்டார்.

"அவரு திருச்சிக்குப் போயிருக்காரு. சாயங்காலம் வந்துடுவாரு."

அப்பா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மா வரப்பில் இறங்கி, கதிர்களை ஒதுக்கிக்கொண்டு நடந்து போய், தாக்கின் முனையில் நின்றுவிட்டாள். வீட்டுப் பெண்கள் அப்படிப் பலர் பார்க்க வயலில் போய் நிற்கிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை.

"நீ ஏன் அங்க போனே? ஏறி வா!"

"நீங்க ஆரம்பிக்கச் சொன்னா ஆரம்பிக்கட்டும். நான் இங்கதான் நிப்பேன்."

"அடிதடி ஆகும்டி."

"அதத்தான் சொல்றேன்."

எனக்கு அழுகை வந்தது. தம்பி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டான். ஜீப்பிலிருந்து போலீஸ்காரர்கள் இறங்கினார்கள். பாலத்திலிருந்து வந்தவர்கள் வயல் ஓரத்தில் வந்து நின்றார்கள். அம்மாவுக்கும் நடவுக்காரம்மாவுக்கும் நடுவில் நாலைந்து கதிர்வரிசைதான் இருக்கும். காற்றில் அந்தச் சரசர சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அப்பா தோள் துண்டை எடுத்தார். உதறவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பண்ணை வரட்டும்" என்றார் காரியஸ்தரிடம். "அவரு வயல்ல எறக்கட்டும். நான் அப்புறம் எறக்கிக்கிறேன்."

"என்னங்க இது? வாக்குக் குடுத்தீங்களே!"

"குடுத்தேன். கூட நிக்கிறேன்னு அவரும்தான் குடுத்தாரு."

காரியஸ்தர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அப்பா காதில் வாங்கவில்லை. வந்த ஆட்கள் என்ன செய்வதென்று தெரியாமல் லாரியைப் பார்த்தார்கள். அம்மா வரப்பிலிருந்து ஏறி வந்து, "வந்தவங்க வெறும் வயித்தோட போகக்கூடாது" என்றாள். அண்டாவை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தோம். ரோட்டோரப் புளியமரத்தடியில் அத்தனை பேரும் சூடான சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டார்கள். அவர்களில் ஒரு கிழவர் இலையை மடித்துவிட்டு, "எங்க ஊர்ல மழையே இல்லம்மா, அதான் வந்தோம்" என்றார். மறிக்க வந்தவர்கள் தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கோஷம் போடவில்லை.

அன்று மத்தியானமே அப்பா வாய்க்கால் பாலத்தில் போய் நின்று பேசி, கேட்ட கூலிக்கு ஒப்புக்கொண்டார். அவரைப் பார்த்துச் சின்ன நிலக்காரர்கள் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். பெரிய பண்ணை கடைசி வரைக்கும் இறங்கிவரவில்லை. அவர் வயலில் போலீஸ் காவலோடு அறுப்பு நடந்தது. அங்கே மண்டைகள் உடைந்தன. இரண்டு தரப்பிலும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அப்பாவுக்கும் அது சும்மா போகவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் அவருக்கென்று பேசி வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போனது. அடுத்த குறுவைக்கு எங்கள் வாய்க்காலில் தண்ணீர் கடைசியாகத்தான் வந்தது. அந்தப் பெரிய வீட்டில் அதற்கப்புறம் அவருக்கு நாற்காலி போடவில்லை. அதில் அவருக்கு வருத்தம் இருந்தது என்று இப்போது எனக்குப் புரிகிறது. வெளியே சொன்னதில்லை. வெளியே அவர் சொன்ன கதை வேறு. "ராட்டினத்து உச்சியில உக்காந்திருந்தப்பவே எனக்குத் தோணிடுச்சு, இந்த வேலை வேணாம்னு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அம்மா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டே காப்பி கலப்பாள். ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. அடுத்தடுத்த வருடங்களிலும் பொருட்காட்சி வாசலில் அம்மாவின் டிக்கெட் தண்டம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே வாங்கினார்.

எங்கள் வயலில் அறுப்பு முடிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கதிர்க்கட்டெல்லாம் களம் சேர்ந்துவிட்டது. புது வைக்கோல் வாசனையில் ஊரே தூங்கி வழிந்தது. நடவுக்காரம்மா கொல்லைக் கதவருகே வந்து நின்று குரல் கொடுத்தார்.

"வாங்க" என்றாள் அம்மா.

சோறு கொல்லையில்தான் போட்டாள். வீட்டுக்குள் கூப்பிடவில்லை. தனியாக வைத்திருந்த அலுமினியத் தட்டில்தான் போட்டாள். அதை நான் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. எங்கள் அம்மாவுக்கு அவ்வளவு தூரம்தான் வர முடிந்தது.

அவர் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். அம்மா குழம்புச் சட்டியோடு எதிரே நின்றாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் அவர் நிறுத்திவிட்டார்.

"நீங்க நின்னுக்கிட்டே பாத்தா எனக்குச் சோறு எறங்கலம்மா. உக்காருங்களேன்."

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். துவைக்கிற கல்லில் உட்காரப் போனாள். என்ன நினைத்தாளோ, கல்லை விட்டுவிட்டு, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தாள். சட்டியை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

அந்த நேரத்தில் அப்பா களத்திலிருந்து கொல்லை வழியாக வந்தார். உடம்பெல்லாம் வைக்கோல் தூசி. கதவைத் தள்ளியவர் அவர்களைப் பார்த்து நின்றார். நடவுக்காரம்மா எழுந்திருக்கப் போனார்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்றார் அப்பா. கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார்.